கழுத்துக் குழாயும் பீலித் தண்ணீரும்

பண்டாரவளையிலிருந்து ஒரு மகள்:
அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கையில் ஃபிஸ்டுலா போட்டார்கள், டயாலிசிஸ் ஊசி ஏற்ற இரண்டு இரத்தக் குழாய்களை இணைப்பது. அதில் ஊசி ஏற்றச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ். நனையவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்பாவுக்குப் புரியாமல் இல்லை, பிடிக்கவில்லை. காலமெல்லாம் பீலியில், மலைத் தண்ணீர் கொட்டும் குழாயடியில், குளித்த உடம்பு. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் குளித்துவிட்டார். வந்து பார்த்தால் கட்டு நனைந்து ஓரம் கிளம்பியிருக்கிறது. அதன்மேல் வீட்டுப் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ரொட்டி தின்கிறார்!

அடுத்த டயாலிசிஸில், மெஷினில் போட்ட அரைமணியில் நடுக்கம், பல் கிட்டியது. எங்கள் ஊரில் குளிருக்கு நடுங்குவது புதிதா? கம்பளியைப் போர்த்திவிட்டேன். தாதி மிஸ்ஸிதான் அதை விலக்கிக் காய்ச்சல் பார்த்தார். 39 பாகை செல்சியஸுக்கு மேல். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். அப்புறம் குழாயைக் கழற்றி, நாள்கணக்கில் ஊசி மருந்து. இரத்தத்தில் கிருமி ஏறியதற்குத் தண்ணீர்தான் காரணமா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. நான் மட்டும் சொல்லிச் சொல்லித் திட்டினேன்.

ஹட்டன் பிள்ளை, ஐ.சி.யூ. (தீவிர சிகிச்சைப் பிரிவு) தாதி:
அக்கா, அப்பாவை மட்டும் திட்டாதீங்க. கிருமி எங்கள் கையாலும் போகும். மருந்து ஏற்றுமுன் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 செக்கன் அழுத்தித் தேய்க்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடிக்கும்போது 15 எண்ணிப் பாருங்கள், தெரியும்.

அமெரிக்காவின் மிச்சிகனில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தக் குழாய்த் தொற்றைப் பற்றிச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. 1000 குழாய் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை (மீடியன்) அளவு, மூன்றே மாதத்தில் பூச்சியம். புது மருந்தா என்றால் இல்லை. கை கழுவுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, அங்கியும் முகமூடியும் போட்டுக் குழாய் வைப்பது, முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் கழற்றுவது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நாங்கள் வழுக்குவோம். "நாளைக்குத் தேவைப்படுமே" என்று விட்ட குழாயை நாலு நாள் யாரும் தொடாமல் கிடக்கப் பார்த்திருக்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து:
அம்மாவை வார்டில் வைத்திருந்தபோது, "மிஸ், கை கழுவினீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா போர்வைக்குள்ளிருந்தே என்னைக் கிள்ளினார். மிஸ் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஸ்பிரிட் வாசம், இன்னும் ஈரம்.