இங்கிலாந்து நர்சிங் ஹோம்: அடிவயிற்றுக் கதீட்டரை மாற்றச் சொல்கிறார்கள், நான் செய்ததே இல்லை

அக்கா, வணக்கம். மதுரையில் ஆறு வருடம் வார்டில் இருந்துவிட்டு, நாலு மாதம் முன்னால் இங்கே ஒரு நர்சிங் ஹோமுக்கு வந்தேன். பின் நம்பர், அதாவது இங்கே நர்ஸாக வேலை செய்வதற்கான பதிவு எண், வந்தாயிற்று. போன வாரத்திலிருந்து ராத்திரி டியூட்டியில் நான் ஒருவன்தான் நர்ஸ். ஒரு தாத்தாவுக்கு அடிவயிற்றில் போட்ட துளை வழியாக மூத்திரப்பைக்குள் கதீட்டர் (மூத்திரம் வடிக்கும் குழாய்) இருக்கிறது, அடுத்த வாரம் மாற்ற வேண்டுமாம். சாதாரணக் கதீட்டர் நூறு போட்டிருப்பேன், இதைத் தொட்டதில்லை. இன்டர்வியூவில் "கதீட்டர் தெரியுமா" என்றார்கள், "யெஸ்" என்றுவிட்டேன். இப்போது தெரியாது என்றால் வேலைக்கோ வீசாவுக்கோ ஏதாவது ஆகுமா?

—

தம்பி, அதே "யெஸ்"ஸை நானும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஊரில் சுப்ராபியூபிக், அதாவது இந்த அடிவயிற்றுக் கதீட்டர், என்றால் யூராலஜி டாக்டர்கள் பாடு, நாம் டிரேயை நீட்டுவதோடு சரி. இங்கே அது நர்ஸ் வேலை என்று எனக்கு உறைத்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி 2 மணிக்கு.

ஒரு பாட்டிக்குப் பையில் ஒரு சொட்டு இல்லை. துளையைச் சுற்றிக் கசிவு, அடிவயிறு கல் மாதிரி. குழாய் மடங்கியிருக்கிறதா, பை மூத்திரப்பைக்கு மேலே தொங்குகிறதா, மலச்சிக்கலா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. அடைத்துக்கொண்டுவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யூடியூபைத் திறந்தேன். அரை நிமிடத்தில் மூடிவிட்டு, வீடுகளுக்கு வந்து பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் நம்பருக்கு அடித்தேன். "நர்சிங் ஹோமில் நர்ஸ் இருப்பாரே?" என்றார்கள். உங்களுக்கும் இதே பதில் வரலாம். நர்ஸ் இல்லாத ரெசிடென்ஷியல் ஹோமுக்குத்தான் அவர்கள் வழக்கமாக வருவார்கள். நான் மூன்று விஷயம் சொன்னேன்: நான் இதற்குப் பயிற்சி பெறவில்லை, இந்த ஷிப்டில் தெரிந்தவர் யாரும் இல்லை, பாட்டிக்கு வலி, மூத்திரம் இறங்கவே இல்லை. வந்தார்கள். நான் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்று கற்ற முதல் பாடம் அது.

மறுநாள் மேனேஜர் முகம் கோணியது உண்மைதான். "இன்டர்வியூவில் தெரியும் என்றாயே?" என்றார். திட்டு அத்தோடு முடிந்தது, இரண்டு வாரத்தில் டிரெயினிங் தேதி வந்தது. வீசாவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் திறமையின் எல்லைக்குள் வேலை செய்யுங்கள், தாண்டினால் உதவி கேளுங்கள் என்பது நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி அமைப்பின் நடத்தை விதிகளிலேயே (கோட்) 13ஆவது பிரிவில் இருக்கிறது. தெரியாமல் செய்து அந்தத் தாத்தாவுக்குக் காயமானால்தான் பின் நம்பருக்கு ஆபத்து. ஆகவே இன்றே மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள். வாயால் சொன்னது ஹேண்டோவரோடு போய்விடும். "யூரித்ரல் (மூத்திரப் பாதை வழியாகப் போடும்) கதீட்டர் செய்வேன், சுப்ராபியூபிக் செய்ததில்லை, பயிற்சியும் கூட நின்று பார்க்க ஆளும் வேண்டும்" என்று நாலு வரி போதும். நர்ஸ்களின் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கில் உறுப்பினராகச் சேரவில்லை என்றால் சேர்ந்துவிடுங்கள். மேனேஜர் கட்டாயப்படுத்தினால் யோசனை கேட்க அங்கே ஆள் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். இதைப் படித்துவிட்டுச் செய்துவிடாதீர்கள், டிரெயினிங்கில் என்ன கேட்பது என்று தெரிவதற்காக எழுதுகிறேன்.

துளை புதிதா பழையதா என்று முதலில் பாருங்கள். முதல் மாற்று வழக்கமாக ஆஸ்பத்திரியில்தான். துளை ஆறாத நிலையில் குழாயை உருவினால் வழியே தொலைந்துவிடும். அப்புறம் கதீட்டர் பாஸ்போர்ட் என்று ஒரு சிறு புத்தகம் அவரிடம் இருக்கலாம். எதற்காகப் போட்டது, சைஸ், நீளம், குழாய் நழுவாமல் உள்ளே விரியும் பலூனில் எத்தனை எம்எல் தண்ணீர், கடைசியாக மாற்றிய தேதி எல்லாம் அதில் இருக்கும். லாடெக்ஸ் அலர்ஜி, ஜெல்லில் உள்ள குளோர்ஹெக்சிடின் அலர்ஜி இரண்டையும் கேளுங்கள். பெட்டியில் சிஎச் என்று இருப்பது நம் ஊரில் பிரெஞ்ச் என்கிற தடிமன் அளவுதான். 16 என்றால் 5.3 மி.மீ. விட்டம்.

நீளத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இங்கே பெண்களுக்கென்று குட்டைக் கதீட்டர் தனியாக உண்டு. அதை ஆணுக்கு வழக்கமான வழியில் போட்டால் பலூன் மூத்திரப் பாதைக்குள்ளேயே விரிந்து கிழித்துவிடும். இப்படி நடந்ததால்தான் 2009இல் இந்த நாடு முழுக்க எச்சரிக்கை அனுப்பினார்கள். அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ராத்திரி வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரியும்.

பலூனுக்கு ஸ்டெரைல் வாட்டர்தான். ஊரில் சில வார்டுகளில் கைக்குக் கிடைத்த சலைனை ஏற்றுவார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உப்பு படிந்து வால்வு அடைத்தால் தண்ணீர் திரும்ப வராது. எடுக்கும்போதும் சிரிஞ்சை இழுக்கக் கூடாது, தண்ணீர் தானாகத் திரும்பட்டும். வேகமாக உறிஞ்சினால் பலூன் சுருங்கி ஒரு மடிப்பு மாதிரி நின்று, வெளியே வரும்போது துளையில் சிக்கும். சிலிக்கான் குழாயில் இது அதிகம்.

எனக்குப் பயம் தந்தது, பழையதை எடுத்ததற்கும் புதியதைப் போடுவதற்கும் இடையே உள்ள நேரம்தான். துளை சுருங்க ஆரம்பித்துவிடும். அதனால் புதியதைப் பிரித்து, சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றி, எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். உருவும்போது எந்தக் கோணத்தில் வருகிறது, தோல் வரை எவ்வளவு உள்ளே இருந்தது என்று கவனியுங்கள். புதியது அதே கோணத்தில், அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக. மூத்திரம் வந்தால்தான் பலூன். வராமலே ஊதினால் வேறெங்காவது விரியும், ரொம்பத் தள்ளினால் நுனி மூத்திரப் பாதைக்குள் இறங்கிவிடும். ஊதும்போது வலித்தால் நிறுத்துங்கள். உள்ளே போகவே இல்லையென்றால் அழுத்தாதீர்கள், காலை வரை காத்திருக்கவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. தானாகக் கழன்று விழுந்தாலும் அப்படித்தான். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவர் என்றால் அடைப்பு ஒன்றே பிரஷரை எகிறவைக்கும். தலைவலி, வியர்வை, முகச் சிவப்பு தெரிந்தால் உடனே 999க்கு அடித்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

மற்றதெல்லாம் பழகிவிடும். காலில் கட்டும் பையை (கால் பை) ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ராத்திரிப் பையைக் கால் பையின் அடியிலேயே இணைப்பார்கள், கதீட்டரிலிருந்து கழற்ற மாட்டார்கள். மூத்திரம் கலங்கலாக இருக்கிறது என்று டிப்ஸ்டிக் (மூத்திரத்தில் தோய்க்கும் சோதனைப் பட்டை) போட்டுப் பார்க்காதீர்கள். நாள்பட்ட கதீட்டரில் கிருமி எப்படியும் இருக்கும், காய்ச்சல், புதுக் குழப்பம், வலி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பேச்சு. ஒரு தாத்தா என்னிடம் "வாட்டர்வொர்க்ஸ்" சரியில்லை என்றார். நான் போய் மெயின்டெனன்ஸ் புத்தகத்தில் குழாய் ரிப்பேர் என்று எழுதிவிட்டு வந்தேன். அவர் சொன்னது மூத்திரத்தைத்தான். அந்த ஹோமில் எனக்கு அது ஆறு மாதத்துக்குப் பட்டப்பெயராக இருந்தது.

—

ரொம்ப நன்றி அக்கா. மெயில் போட்டுவிட்டேன். ஆனால் டிரெயினிங் அடுத்த மாதம்தான் என்கிறார்கள், மாற்றும் தேதி அடுத்த வியாழன். பகல் டியூட்டி நர்ஸுக்கும் தெரியாதாம்.

—

அப்படியானால் வியாழனுக்கு வெளி ஆள்தான் தம்பி. மேனேஜரையே டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் டீமுக்கோ மூத்திரம், மலம் அடக்க முடியாதவர்களைக் கவனிக்கும் அந்த ஊர்க் கன்டினென்ஸ் டீமுக்கோ போன் செய்யச் சொல்லுங்கள். மேனேஜர் கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம். யார் வந்தாலும் நீங்கள் கூட நின்று பார்க்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள், அந்தக் காலையில் உங்கள் டியூட்டியைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பார்த்ததை அன்றே ஒரு பக்கம் எழுதி வையுங்கள், மூன்று வருடத்தில் பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷனுக்கு ஐந்து அனுபவக் குறிப்பு கேட்பார்கள், அதில் ஒன்று ஆயிற்று.

அதற்கு முன்னால் இன்று ராத்திரி ஒரு வேலை: அந்தத் தாத்தாவின் அலமாரியில் அதே சைஸில், சரியான நீளத்தில், தேதி முடியாத ஸ்பேர் கதீட்டர் இருக்கிறதா பாருங்கள். என் பாட்டிக்கு இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் தேதி முடிந்தது. வந்த நர்ஸ் தன் காரிலிருந்துதான் எடுத்து வந்தார்.