சப்பாத்து வாங்கியாச்சு, மனசு கிளம்ப மாட்டேங்குது

பாயா தெருபோங் வாசி:

வணக்கம். வயது 41. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. கிளினிக்கில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றும், தினமும் நடக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சரி என்று புதுச் சப்பாத்து வாங்கினேன். அது இன்னும் பெட்டியோடு கதவோரம் இருக்கிறது.

நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில்தான் இருக்கிறேன். சப்பாத்தைப் பார்த்ததும் மண்டைக்குள் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "நேத்தே போகல, இன்னைக்குப் போய் என்ன ஆகப்போகுது?" "பத்து நிமிஷம் நடந்தா சர்க்கரை இறங்கிடுமா?" "பாட்டிக்கும் இருந்துச்சு, அம்மாவுக்கும் இருக்கு, உனக்கு மட்டும் வராதா?" இதெல்லாம்கூடப் பரவாயில்லை. யூத் பார்க்கில் ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒல்லி ஒல்லியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே நான் பஞ்சாபி சூட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு போவதை நினைத்தாலே உட்கார்ந்துவிடுகிறேன்.

"நல்லதையே நினை" என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். அதைத் தங்கை தினமும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு அனுப்பிவிடுகிறாள்.

ஜெலுத்தோங் அண்ணன்:

யோசிக்காமல் கிளம்புங்க தங்கச்சி. யோசித்தால் மாமாக் கடைத் தே தாரிக்தான் ஜெயிக்கும்.

பட்டர்வொர்த் பிசியோ:

அண்ணன் சொல்வது பாதி சரி. யோசனையை நிறுத்த முடியாது. அது பாட்டுக்குப் பேசட்டும், நீங்கள் சப்பாத்தை மாட்டுங்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்றே இந்த வரிசையில்தான் போகிறது: மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல், குறித்து வைத்த சின்ன வேலையை முதலில் செய்வது. உற்சாகம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

உங்கள் பாட்டி, அம்மா கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. முடிவு 2002இல் வெளியானது. வாரம் 150 நிமிட நடை, எடையில் 7 சதவீதம் குறைப்பு என்ற இலக்கோடு இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. பரம்பரையை மாற்ற முடியாது, ஆனால் எல்லாமே அதன் கையிலும் இல்லை.

பத்து நிமிஷத்தைக் கேலி செய்யாதீர்கள். சாப்பிட்ட பிறகு நடந்தால் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிளாட்டைச் சுற்றி வாருங்கள், யூத் பார்க்கே வேண்டாம்.

"நேத்தே போகல" என்பதுதான் பலரைக் கவிழ்க்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைகூடப் போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

இன்னொன்று. ரெண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். அதே கிளினிக்கில் சொல்லுங்கள்.

தண்ணீர்மலை அக்கா:

அந்தத் தம்பி படித்த பிள்ளை, சரியாகச் சொல்கிறது. எனக்குத் தெரிந்தது படிக்கட்டுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. முதல்நாளே உச்சிக்குப் போகணும் என்று யார் சொன்னது? ஆரம்பத்தில் நான் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே ஒல்லி, குண்டு எல்லாருக்கும் மூச்சு வாங்கும். யாருக்கும் அடுத்தவரைப் பார்க்கத் தெம்பு இருக்காது. பஞ்சாபி சூட்டிலேயே வாம்மா.

பாயா தெருபோங் வாசி:

தம்பி, தூக்கம் நன்றாகவே வருகிறது, அது கொஞ்சம் அதிகம்தான்! இன்று இரவு சாப்பிட்டதும் பிளாட்டைச் சுற்றப் போகிறேன். சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தாச்சு. 66 நாள் என்றதும் வயிற்றைக் கலக்கியது, ஒருநாள் விடலாம் என்றதும்தான் மூச்சு வந்தது. அக்கா, ஞாயிறு காலை வரவா? குரங்குக்குத்தான் பயம்.

தண்ணீர்மலை அக்கா:

வாம்மா. பொட்டானிக்கல் கார்டன் பக்கம் குரங்கு நிறைய. கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், உள்ளே தின்பண்டம் என்று பிடுங்கிவிடும். ஏழு மணிக்கெல்லாம் ஏறிவிடணும், வெயில் வந்தால் எனக்கு ஆகாது. இறங்கினதும் பசியாறப் போகலாம், தோசைதான், ரொட்டி சானாய் கிடையாது.