முழங்கால் எந்த மடிப்பில் இருந்தாலும் வெடிப்பு வலிமை ஒன்றுதானா?

தடகளப்பித்தன்:
என்னிடம் பயிற்சி பெறும் குறுந்தூர ஓட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு ஆய்வுக்கூடங்களில் முழங்கால் நீட்டும் வலிமையை அளந்தார்கள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, கணுக்காலில் பட்டை மாட்டி, “முடிந்த அளவு வேகமாகவும் பலமாகவும் உதை” என்று சொல்வார்களே, அந்தச் சோதனைதான். ஓரிடத்தில் காலை 65 பாகை மடக்கி வைத்தார்கள், இன்னோரிடத்தில் 35 பாகை. இரண்டாவது அறிக்கையில் முதல் 100 மில்லி விநாடியில் எழுந்த திருப்புவிசை நன்றாகக் குறைந்திருக்கிறது. இவர் பயிற்சியில் அசட்டையாகிவிட்டார் என்றே நினைக்கிறேன். மடிப்பு மாறியதுதான் காரணம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெடிப்பு வலிமை, அதாவது விசையை மிக வேகமாக எழுப்பும் திறன், நரம்பின் வேலை. 1998இல் வான் குட்செம் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணுக்காலின் முன்தசைக்கு 12 வாரம் வேகப் பயிற்சி கொடுத்து, நரம்புத் துடிப்புகள் தொடக்கத்திலேயே அடுத்தடுத்து நெருங்கிப் பாய்வதைக் காட்டினார்கள். மூளையின் ஆணை வேகமாகப் போனால் விசை வேகமாக எழும். இதில் மூட்டுக்கு என்ன பங்கு?

மூட்டுச்சிந்தனை:
ஐயா, அந்த ஓட்டக்காரர் மீது பழி போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். மூளையை ஒதுக்கிவிட்டே இதைச் சோதிக்கலாம். தொடை நரம்பில் விநாடிக்கு 300 என்ற வேகத்தில் 8 மின்துடிப்புகளைச் செலுத்தினால், ஆளின் விருப்பத்துக்கு அங்கே வேலையே இல்லை. தசை தன்னால் இயன்ற உச்ச வேகத்தில் விசையை எழுப்பும். அப்போதும் முழங்கால் மடிப்பை மாற்றினால் விசை மாறுகிறது. இதை எந்த நரம்பின் கணக்கில் எழுதுவீர்கள்?

காரணம் தசைநாருக்குள் இருக்கிறது. அங்குள்ள ஆக்டின், மயோசின் என்ற இருவகைப் புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிகின்றனவோ அந்த அளவுக்குத்தான் பிடிப்பு கிடைக்கும். தவளையின் தனித் தசைநாரில் கோர்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் 1966இல் அளந்து காட்டியது இது. அதிகம் சுருங்கினாலும் விசை குறையும், அதிகம் நீண்டாலும் குறையும். தொடையின் முன்தசைக்கு உச்சத் திருப்புவிசை பொதுவாக 60 முதல் 70 பாகை மடிப்பில் கிடைக்கிறது. 35 பாகையில் அந்தத் தசை ஏற்கெனவே சுருங்கி நிற்கிறது. அதே மனிதர் அதே முயற்சியோடு உதைத்தாலும் எண் குறையத்தான் செய்யும்.

தடகளப்பித்தன்:
நீங்கள் சொல்வது உச்ச வலிமை. நான் கேட்பது எழும் வேகம். ஒவ்வொரு மடிப்பிலும் கிடைத்த விசையை அந்தந்த மடிப்பின் உச்சத்தால் வகுத்துப் பாருங்கள். விழுக்காடு ஒன்றாக வந்தால் நான் சொன்னதுதானே சரி?

மூட்டுச்சிந்தனை:
வகுத்தால் வேறுபாட்டில் பெரும்பகுதி சுருங்கிவிடும், மறுக்கவில்லை. அப்படியானால் மடிப்பு உச்ச வலிமை வழியாக வெடிப்பு வலிமையைத் தொடுகிறது என்றுதான் பொருள். ஓடும்போது தரை விழுக்காடு கேட்பதில்லை, நியூட்டன் அலகில் அளக்கும் விசையைக் கேட்கிறது.

அதோடு தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் இருக்கிறது. தசை சுருங்கிய நிலையில் இருக்கும்போது தசைநாணில் தொய்வு இருக்கும். முதலில் அது இறுக வேண்டும், பிறகுதான் விசை எலும்புக்குப் போகும். முதல் 50 மில்லி விநாடியைப் பற்றிப் பேசும்போது இந்தத் தாமதம் சிறிதல்ல.

பளுதூக்கி:
எங்கள் விளையாட்டில் இதை யாரும் விவாதிப்பதே இல்லை. கம்பி தொடையின் நடுப்பகுதிக்கு வந்து, உடல் நிமிர்ந்து, முழங்கால் இலேசாக மடிந்திருக்கும் அந்த ஒரு நிலையில்தான் வெடித்து இழுக்கிறோம். அசையாத கம்பியை இழுக்கும் சோதனையும் அதே நிலையில்தான் வைக்கிறார்கள். தரையிலிருந்து கிளப்பும் நிலையில் அதே ஆளால் அந்த விசையை எழுப்ப முடியாது.

தடகளப்பித்தன்:
நீங்களே எனக்கு வழி காட்டிவிட்டீர்கள். முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் தரையைத் தொடும்போது முழங்கால் 65 பாகையில் இல்லை, ஓரளவுதான் மடிந்திருக்கிறது. 35 பாகை அறிக்கைதான் ஓட்டத்துக்கு நெருக்கமானது. அதில் குறைவு என்றால் நான் கவலைப்படத்தான் வேண்டும்.

அளவுகோல்:
இருவரிடமும் ஒரு கேள்வி. பாகையை எங்கிருந்து எண்ணினார்கள்? நேராக நீட்டிய காலைச் சிலர் 0 என்பார்கள், சிலர் 180 என்பார்கள். ஓரிடத்து 60, இன்னோரிடத்து 120 ஆகிவிடும். இன்னொன்று, மூட்டு அசையாத சோதனை என்கிறோமே, அது முழு உண்மை அல்ல. இருக்கையின் மெத்தை அமுங்குகிறது, பட்டை தளர்கிறது, உதைக்கும்போது முழங்கால் சில பாகைகள் நீண்டேவிடுகிறது. மெத்தை மென்மையான கருவியில் விசை எழும் வேகம் குறைவாகத் தெரியும். உதைக்கும் முன் காலை இலேசாகப் பின்னிழுத்திருந்தாலோ முன்கூட்டியே இறுக்கியிருந்தாலோ அந்த முயற்சியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இருக்கையின் சாய்வையும் பாருங்கள். முன்தொடையின் நேர்த்தசை இடுப்பையும் முழங்காலையும் சேர்த்தே கடக்கிறது. சாய்ந்து படுத்தால் அது நீளும், நிமிர்ந்து உட்கார்ந்தால் சுருங்கும்.

தடகளப்பித்தன்:
இரண்டு அறிக்கைகளிலும் நேர்க்கால்தான் 0. சாய்வைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நரம்புதான் முதன்மை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் பயிற்சியை எந்த மடிப்பில் கொடுப்பது? அதைச் சொல்லுங்கள்.

மூட்டுச்சிந்தனை:
மூட்டு அசையாமல் உதைக்கும் பயிற்சியை ஒரே மடிப்பில் கொடுத்தால் வலிமை அந்த மடிப்பைச் சுற்றியே அதிகம் கூடும். தசை நீண்ட நிலையில், அதாவது நன்றாக மடக்கிக் கொடுத்தால், பலன் மற்ற மடிப்புகளுக்கும் ஓரளவு பரவும். எனவே அடித்தளத்துக்கு ஆழ்ந்த மடிப்பு, போட்டி நெருங்கும்போது 35 பாகைக்கு அருகில் வெடிப்பு உதைகள். உதையைத் தொடங்கும் அந்தக் கணத்தின் வேகம் முக்கியம், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் அந்த ஓட்டக்காரரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரே கருவியில், ஒரே சாய்வில், 35, 65 இரண்டையும் ஒரே நாளில் அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்களை இங்கே போடுங்கள்.