பிளேடு முன்பக்கம் வளைந்திருக்கிறது, கண்ணைத் திறந்து பாருங்கள்

பழைய மெக்கானிக்:
நேற்று தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்த செஸ்னா 172 சிறு விமானத்தைப் பற்றி இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: “இன்ஜின் நின்றுவிட்டது, கல் மாதிரி விழுந்துவிட்டது.” படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. 1,000 அடி உயரத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் மிதந்தே போகும். அப்புறம், படத்தைப் பாருங்கள். புரொப்பல்லர் பிளேடின் நுனி முன்பக்கம் சுருண்டிருக்கிறது. இன்ஜின் ஓடியிருக்கிறது.

நீலவானம்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். சக்தி போன பிறகும் எதிர்க்காற்று புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கும். இன்ஜின் வேகத்தைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டரில் பனி பிடித்து சக்தி போய்விடலாம். அதற்குக் குளிர்காலம் வேண்டாம், காற்றில் ஈரம் இருந்தால் போதும். பிளேடு சுற்றியதால் இன்ஜின் நன்றாக இருந்தது என்று ஆகிவிடுமா?

பழைய மெக்கானிக்:
சக்தியில்லாமல் சுற்றும் பிளேடு பெரும்பாலும் பின்பக்கம்தான் மடங்கும். இது முன்பக்கம். 22 வருஷம் பிளேடு கழற்றி மாட்டிய கை இது. முன்பக்கம்.

கடைசித் திருப்பம்:
இரண்டு பேரும் பிளேடை விடுங்கள். ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பத்தில், அந்த நேர்க்கோட்டைத் தாண்டிவிடுவோமோ என்ற பயத்தில் விமானத்தை அதிகமாகச் சாய்த்துத் திருப்பியிருக்கலாம். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்தால் ஸ்டால் ஆகும் வேகம் 41 சதவீதம் கூடுகிறது. அவ்வளவு தாழ்வில் ஸ்டால் ஆனால் மீள உயரமே இல்லை.

நீலவானம்:
பாருங்கள், இவரே ஸ்டால் என்கிறார். இன்ஜின் நின்றது என்று நான் சொன்னதும் அதுதானே?

கடைசித் திருப்பம்:
இல்லை! இறக்கையைச் சொல்கிறேன். காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிவதுதான் ஸ்டால். இன்ஜின் முழுவேகத்தில் ஓடினாலும் ஆகும்.

பழைய மெக்கானிக்:
ஓடியது என்றுதானே நானும் சொல்கிறேன். பிளேடே சாட்சி.

நீலவானம்:
படத்தில் தெரிவது ஒரே ஒரு பிளேடு. இன்னொன்று மண்ணுக்குள் இருக்கிறது. அது நேராக இருந்தால் என்ன சொல்வீர்கள்? டயர் வெடிப்பு விவாதத்திலும் இப்படித்தான் ஒரே படத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் எல்லோரையும் படுத்தினீர்கள்.

பழைய மெக்கானிக்:
டயர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அன்றைக்குப் பாதியில் ஓடியது நீங்கள். விமானத்தை நான் தொட்டுப் பார்த்தவன். நீங்கள் எதைத் தொட்டீர்கள்?

மழைக்காலம்:
ஓட்டியவர் இறந்துபோயிருக்கிறார். “அதிகமாகச் சாய்த்தார்” என்று அவர் தலையில் பழி போட உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

கடைசித் திருப்பம்:
பழி போடவில்லை. இதே திருப்பத்தில் நானும் ஒருமுறை வேகத்தை இழந்திருக்கிறேன். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். திருப்பம் சரியாக வராவிட்டால் உடனே சக்தி கொடுத்து மேலே ஏறி, மறுபடி சுற்றி வர வேண்டும். இதை இப்போது பேசாமல் எப்போது பேசுவது?

மழைக்காலம்:
விசாரணை முடிந்த பிறகு பேசலாம்.

பழைய மெக்கானிக்:
விசாரிக்க வருகிறவர்களும் முதலில் பிளேடைத்தான் பார்ப்பார்கள். மறுபடி சொல்கிறேன்: முன்பக்கம்.

நீலவானம்:
இரண்டாவது பிளேடின் படத்தைப் போடுங்கள், பேசுகிறேன்.

பழைய மெக்கானிக்:
முதல் பிளேடுக்குப் பதில் சொல்லுங்கள், போடுகிறேன்.