ஹேஸே பக்கம் வாடகை வீடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில் வேலை. நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் பக்கத்து ஊரான ஹேஸே தாண்டி ஒரு குட்டிக் கிராமத்தில் வீடு பார்த்தேன். அமைதின்னா அப்படியொரு அமைதி. நான் நின்ற அரைமணி நேரத்தில் தெருவில் போனது ஒரு டிராக்டரும் இரண்டு குதிரைகளும்தான். வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் வீடு 'கால்'. டச்சில் மொட்டை என்று அர்த்தமாம். நிஜமாகவே மொட்டைதான்! வெறும் சிமென்ட் தரை, விளக்கு மாட்டும் இடத்தில் ஒயர் தொங்குகிறது. முன்பு குடியிருந்தவர் தரைப்பலகையையே உரித்துக்கொண்டு போயிருக்கிறார். சமீபத்தில் தரை போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு ஆச்சு?

அதைவிடப் பெரிய குழப்பம் அட்வான்ஸ். உரிமையாளர் மூன்று மாத வாடகை கேட்கிறார். 2023 ஜூலை 1 முதல் போடும் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். எடுத்துச் சொன்னால் வீடு கைநழுவிப் போகுமோ என்று பயம். இப்படி மாட்டியவர்கள் எப்படிப் பக்குவமாகப் பேசினீர்கள்? நகராட்சியில் முகவரி பதிய சம்மதித்துவிட்டார், அதுவரை நிம்மதி.

அப்புறம், ஹேஸே ஸ்டேஷனுக்கு சைக்கிள்தான் கதி. குளிர்கால இருட்டில் அந்தப் பக்கம் ஓட்டிய அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும்.