'எக்ஸூமா' பிற்பாதி: பேய்க்கு உடம்பு கொடுத்தது சரியா?

செல்வமணி77

கதையை முழுசாகப் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஜாங் ஜே-ஹ்யூன் இயக்கிய 'எக்ஸூமா' 2024 பிப்ரவரியில் கொரியாவில் வெளியானது. அங்கே மட்டும் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேர் தியேட்டரில் பார்த்தார்கள். அதன் முதல் ஒரு மணி நேரம் அளவுக்கு என்னைப் பயமுறுத்திய படம் சமீபத்தில் எதுவும் இல்லை. பிற்பாதி மேல் இவ்வளவு கோபம் வருவதும் அதனால்தான்.

அமெரிக்காவில் குடியேறிய ஒரு பணக்காரக் கொரியக் குடும்பம். பிறந்த குழந்தை காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருக்கிறது. முடாங் ஹ்வா-ரிம் வந்து பார்க்கிறாள். முடாங் என்றால் சாமியாடிக் குறி சொல்பவள். கிம் கோ-யூன் நடித்திருக்கிறார். குழந்தையின் அப்பாவுடைய தாத்தாவின் கல்லறையில் கோளாறு என்கிறாள். கல்லறைக்கு ஏற்ற நிலம் பார்ப்பவர் சாங்-டியோக் (சோய் மின்-சிக்) அந்த மலை உச்சிக்குப் போய் மண்ணை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறார், முகம் மாறுகிறது, இந்த வேலையே வேண்டாம் என்று இறங்கிவிடுகிறார். அந்த ஒரு முகபாவம் போதும், எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அப்புறம் அந்த ஓட்டல் அறை. அந்தத் தாத்தாவின் பேரன், அதாவது குழந்தையின் அப்பா, போனில் சாங்-டியோக்குடன் பேசிக்கொண்டிருக்கிறான். அதே நேரம் வெளியே நின்று ஒருவர் கதவைத் தட்டுகிறார், அதுவும் சாங்-டியோக்கின் குரல். ஒரு குரல் கதவைத் திற என்கிறது, இன்னொன்று திறக்காதே, ஜன்னலைத் திற என்கிறது. எது மனிதன், எது பேய்? அவன் ஜன்னலைத் திறக்கிறான். இவ்வளவுதான் காட்சி. கண்ணாடியில் ஒரு நிழல் தவிர எதுவும் காட்டவில்லை.

இப்படி ஒரு படத்தை எடுத்தவர், பிற்பாதியில் தாத்தாவின் கல்லறைக்கு அடியில் செங்குத்தாகப் புதைத்த இன்னொரு சவப்பெட்டியைத் தோண்டி, ஆளை விட உயரமான ஜப்பானியப் போர்வீரனை நடமாட விடுகிறார். அவன் பேசுகிறான், மீன் கேட்கிறான், சண்டை போடுகிறான். கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் என்ன பயம்? 2016-இல் நா ஹோங்-ஜின் எடுத்த 'கோக்சோங்' கடைசி நிமிடம் வரை யார் பேய் என்று சொல்லாமல் நம்மைத் தவிக்க விட்டது. ஜாங் ஜே-ஹ்யூன் அந்தத் தைரியத்தைப் பாதியில் தொலைத்துவிட்டார் என்பது என் கட்சி.

இளவேனில்

செல்வமணி அண்ணா, முதல் பாதி பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. முடிவில்தான் மாறுபடுகிறேன்.

இந்தப் படத்தை நான் வேலை பற்றிய படமாகப் பார்க்கிறேன். நிலம் பார்ப்பவர், பிணத்தை ஒழுங்கு செய்பவர், முடாங், மந்திரம் ஓதும் அவள் சீடன் என்று நாலு பேர். நாலு பேரும் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். இயக்குநர் சிறுவயதில் ஒரு கல்லறையைத் தோண்டி இடம் மாற்றியதைப் பார்த்திருக்கிறார். படத்துக்காகவும் அப்படிப்பட்ட இடங்களுக்கு நேரில் போயிருக்கிறார். கிம் கோ-யூன் உண்மையான முடாங்குகளிடம் பயிற்சி எடுத்தார். கல்லறை தோண்டும்போது செய்யும் சடங்கில் பன்றிச் சடலங்களை வரிசையாகக் கிடத்தி, முகத்தில் கரி பூசிக்கொண்டு, காலில் கேன்வாஸ் ஷூவோடு ஆடுகிறாளே, அந்த ஷூதான் எனக்குப் பிடித்தது. நாள் முழுக்க நின்று ஆட வேண்டியவள் போடுகிற செருப்பு அது.

எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது அப்பாயியின் சமாதியைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆவி வருமோ என்ற பயமெல்லாம் அன்றைக்கு இல்லை. மண்வெட்டி எதன் மேலோ பட்டு 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, தோண்டியவர் சட்டென்று நின்றுவிட்டார், பெரியவர்கள் யாரும் பேசவில்லை. அந்தச் சத்தம்தான் இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. தோண்டுகிற வேலையில் பயம் உடம்பாகத்தான் வரும். தோண்டுவதைப் பற்றிய படத்தில் கடைசியில் ஓர் உடம்பு கிடைப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

மருதன்_கே

எனக்கு உடம்பு பிரச்சினையே இல்லை. அரசியல்தான் பிரச்சினை.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கொரிய மலைகளின் உயிரோட்டத்தை அறுக்க இரும்புக் கழிகளை அடித்து வைத்தார்கள் என்று அங்கே ஒரு நீண்ட கால நம்பிக்கை உண்டு. விடுதலையின் ஐம்பதாம் ஆண்டான 1995-இல் அதிபர் கிம் யங்-சாம் அரசே அவற்றைப் பிடுங்கும் வேலையில் இறங்கியது. ஆனால் இதற்கு ஆதாரமில்லை, பல கழிகள் நில அளவைக்காக நட்டவை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்லிவிட்டார்கள். நிரூபணமாகாத ஒரு வதந்தியை எடுத்து 'தேசத்தின் இடுப்பை ஒடித்த எதிரி' என்று அசுர உருவம் கொடுத்தால், அது பேய்ப்படமா, தேசபக்திப் படமா? நல்லவர்களின் கார் எண்களில் 0301, 0815, 1945 என்று விடுதலைப் போராட்ட நாளையும், விடுதலை நாளையும், அதன் ஆண்டையும் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்து எல்லோரும் குதூகலித்தார்கள். எனக்கு அது உறுத்தியது.

செல்வமணி77

மருதன் சொல்வது வேறு குற்றச்சாட்டு, அதை நான் வைக்கவில்லை. இளவேனில், அப்பாயி சமாதி பற்றிப் படித்தபோது எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஆனால் நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி பட்ட சத்தம்தானே பயமுறுத்தியது? உள்ளே இருந்ததை வெளியே எடுத்து வைத்த பிறகும் அந்தப் பயம் இருந்ததா?

கயல்விழி

மூன்று பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கொரியப் பேய்க்கு எப்போதும் ஒரு வழக்கு இருக்கும்.

ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன் என்ற அக்கா தங்கை கதை கொரியாவின் ஜோசோன் அரசர்கள் காலத்திலிருந்து வருவது. சித்தியின் சதியால் செத்துப்போன இரண்டு பெண்களும் சோல்சான் ஊருக்கு வருகிற அதிகாரி முன்னால் போய் நிற்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் பயத்திலேயே அதிகாரி செத்துப்போகிறார். அடுத்தவரும் சாகிறார். கடைசியில் ஒருவர் மட்டும் பயப்படாமல் உட்கார்ந்து "என்னம்மா குறை?" என்று கேட்கிறார். விசாரணை நடக்கிறது, சித்திக்குத் தண்டனை கிடைக்கிறது, பேய்கள் போய்விடுகின்றன. அவர்கள் மனு கொடுக்க வந்தவர்கள். பழைய பேய்க்கதை ஒன்றை இப்படியும் படிக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

கிம் ஜீ-வூன் 2003-இல் அதே கதையை எடுத்தபோது கேட்பதற்கு ஆளே இல்லாத வீடாக மாற்றினார். விருந்துக்கு வந்த பெண் வலிப்பு வந்து தரையில் கிடக்கும்போது, சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு சிறுமி இருப்பதைப் பார்க்கிறாள். குடும்பத்தில் யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் அந்தக் குழந்தை இருக்கிறது. 1998-இல் பார்க் கி-ஹ்யுங் எடுத்த பெண்கள் பள்ளிப் பேய்ப்படத்தில், செத்துப்போன மாணவி வருடா வருடம் அதே பள்ளிக்கு வந்து படித்துக்கொண்டிருக்கிறாள். பல வருடம் ஆசிரியர்கள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவள் முகத்தை யாரும் சரியாகப் பார்த்ததே இல்லை.

இந்தப் பேய்களுக்காக நான் அழுதிருக்கிறேன். 'எக்ஸூமா'வின் போர்வீரனுக்கு எந்தக் குறையும் இல்லை, அவனிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. அவனைக் கொன்றால் முடிந்தது. உடம்பு இருப்பது எனக்குத் தப்பாகப் படவில்லை. மனு இல்லாமல் வந்துவிட்டான், அதுதான் தப்பு.

இளவேனில்

கயல், இதை நான் யோசித்ததே இல்லை. இரண்டு நாள் இதே நினைப்பாக இருந்தது. ஆனால் மனு இருக்கிறது, கொடுக்கிற ஆள்தான் வேறு என்று இப்போது தோன்றுகிறது.

மேலே இருந்த தாத்தா யார்? ஜப்பானியருக்கு நாட்டை விற்றுப் பணமும் பட்டமும் வாங்கியவர். அவர் சவத்தைத்தான் கீழே உள்ள பெட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறார்கள். இப்போது நாயகர்களின் பெயர்களைப் பாருங்கள். கிம் சாங்-டியோக் என்பது 1948-இல் அமைத்த, ஜப்பானியருக்குத் துணைபோனவர்களை விசாரிக்கும் குழுவின் தலைவர் பெயர். அடுத்த வருடமே போலீஸ் அந்தக் குழுவின் அலுவலகத்துக்குள் புகுந்து அடித்தது, குழுவும் கலைந்தது. விசாரணை பாதியிலேயே நின்றுபோனது. எழுபத்தைந்து வருடம் கழித்து அதே பெயருள்ள ஒரு கிழவர் கையில் மண்வெட்டியோடு அந்த மலைக்கு ஏறுகிறார். நீங்கள் சொன்ன அந்தப் பயப்படாத அதிகாரி இவர்தான். குறை சொல்ல வந்தது நிலம்.

மருதன், வதந்தி பற்றி: இரும்புக் கழியைத் தேடி இவர்கள் மறுபடி தோண்டும் இடம் ஞாபகம் இருக்கிறதா? தோண்டித் தோண்டிப் பார்க்கிறார்கள், கழி இல்லை. அந்தக் கதையெல்லாம் பொய் என்று அவர்களில் ஒருவரே சந்தேகப்படுகிறார். படம் அந்த நம்பிக்கையை அப்படியே விழுங்கவில்லை.

மருதன்_கே

கழி இல்லை, சரி. ஆனால் அந்தப் போர்வீரனே கழி என்று படம் சொல்லிவிடுகிறதே. வதந்தி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. விசாரணைக் குழு விஷயம் எனக்குத் தெரியாது, அதற்கு நன்றி. அந்தப் பெயருக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். கருத்து மாறுமா என்று சொல்ல முடியாது.

செல்வமணி77

நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டு பிற்பாதியை மட்டும் மறுபடி பார்த்தேன்.

பொருள் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இளவேனில் சொன்ன அந்தப் பெயர் விஷயம் தெரிந்த பிறகு, அந்தக் கிழவர் ரத்தத்தில் நனைந்த மரக்கைப்பிடியால் அடிக்கும்போது தொண்டை அடைத்தது. ஆனால் தொண்டை அடைப்பது வேறு, முதுகில் சில்லென்று ஏறுவது வேறு. சண்டை முழுக்க எனக்கு ஒரு தடவைகூட முதுகு சிலிர்க்கவில்லை. அதில் நான் மாறவில்லை.

மறுபடி சிலிர்த்தது எங்கே தெரியுமா? எல்லாம் முடிந்து, போர்வீரன் போய்விட்டு, நாலு பேரும் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பிய பிறகு. காயம் ஆறாத உடம்போடு சாங்-டியோக் மகள் கல்யாணத்தில் நிற்கிறார். குடும்பப் படம் எடுக்கும்போது மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். அவர்கள் தயங்கித் தயங்கி வந்து நிற்கிறார்கள். அந்த நாலு முகங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பேய் எதுவும் இல்லாத அந்தப் படத்தில் நான் என்னத்தைத் தேடினேன் என்று தெரியவில்லை, ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு ஆளையும் தேடிப் பார்த்தேன்.