ரோடு பைக்கிலிருந்து ட்ரை பைக்குக்கு மாறுறப்ப எது கூட வரும், எது வராது

கும்பகோணம்:
பழைய ரோடு பைக்கைக் (ரேஸ் சைக்கிள்) கொடுத்துட்டு ட்ரை பைக் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்கான சைக்கிள்) எடுக்கணும். பழசுல ரிம் பிரேக் (வீல் விளிம்பைப் பிடிக்கிறது), 8 ஸ்பீடு (பின்னாடி 8 பல்சக்கரம்), பின் ஹப் (வீல் நடு உருளை) அகலம் 130 மி.மீ. போட்டியில 90 கி.மீ. ஓட்டணும். பழைய வீலும் கியரும் புதுசுல ஏறுமா அண்ணே?

திருவையாறு:
வீலை மறந்துடுங்க தம்பி. இப்ப வர்ற டிஸ்க் பிரேக் ஃப்ரேம்ல பின் ஹப் அகலம் 142 மி.மீ., 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஹப்பை ஊடுருவிப் போற அச்சு). உங்க வீல் அதுல உட்காராது. ரிம் பிரேக் உள்ள செகண்ட் ஹேண்ட் ட்ரை பைக் எடுத்தா வீல் ஏறும். ஆனா அது 11 ஸ்பீடா இருந்தா சாதாரண 11 ஸ்பீடு ரோடு கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) உங்க ஹப்ல நிக்காது, ஃப்ரீஹப் (கேசட் ஏறுற உருளை) 1.85 மி.மீ. குட்டை, லாக்ரிங் (கேசட்டைப் பிடிக்கிற வளையம்) இறுகாது. நம்பிக் கழட்டி மாட்டக்கூடியது பெடல்தான். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், வலதுபக்கமாத் திருப்பினாத்தான் கழலும். பலவந்தம் பண்ணி கிராங்க் (பெடல் மாட்டுற கை) மரையைக் கெடுத்துடாதீங்க.

தஞ்சாவூர்:
காசு போடுறதுக்கு முன்னாடி பழைய பைக்லயே ஏரோ பார் (முழங்கை ஊனிக் குனிஞ்சு ஓட்ட ஹேண்டில்ல மாட்டுற நீட்டுக் கம்பி) மாட்டிப் பாருங்க. ரோடு பைக்ல சீட் டியூப் (சீட்டைத் தாங்குற குழாய்) சாய்வு சுமார் 73 டிகிரி, ட்ரை பைக்ல 76 முதல் 80. சீட்டை நகர்த்தாம குனிஞ்சா, பெடல் மேல வர்றப்ப தொடை வயித்துல முட்டும், இடுப்பு வலிக்கும். சீட்டை 1 செ.மீ. முன்னாடி தள்ளினா சுமார் 3 மி.மீ. உயர்த்துங்க, இல்லன்னா முழங்கால் அதிகமா மடங்கும். பழைய ஹேண்டில் பார் 26 மி.மீ.யா 31.8-ஆன்னு அளந்துக்கிட்டு கிளாம்ப் வாங்குங்க. கார்பன் பாரா இருந்து, ஏரோ பார் மாட்டலாம்னு கம்பெனி சொல்லலைன்னா மாட்டவே கூடாது, நசுங்கிடும்.

அப்புறம் நம்ம ஊர்க் காத்து. ஆடியில மேல்காத்து அடிக்கிறப்ப தஞ்சாவூர்–திருவையாறு ரோடு வடக்குத் தெற்கா போறதால காத்து பக்கவாட்டுல வரும். மரமும் வீடும் மறைச்சிருக்கிற வரைக்கும் தெரியாது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டின்னு பாலம் ஏறினதும் ஆத்தோட வர்ற காத்து முன்வீலைப் பிடிச்சுத் தள்ளும். 80 மி.மீ. ஆழமான ரிம் முன்னாடி போட்டா அந்த இடத்துல முழங்கை ஊனி ஓட்டவே முடியாது. பின்னாடி எவ்வளவு ஆழமா வேணும்னாலும் போடுங்க, முன்னாடி 40, 50 போதும்.

இன்னொண்ணு, ட்ரை பைக்ல பிரேக் கீழ்ப்பாரோட (ஏரோ பாரைத் தாங்குற அகலமான ஹேண்டில்) நுனியில இருக்கும். ஏரோ பார்ல கை இருக்கிறப்ப பிரேக் எட்டாது. அறுப்புக் காலத்துல பாதி ரோட்டுல நெல்லு காயும், வைக்கோல் கிடக்கும். அந்த இடம் கண்ணுல பட்டதுமே கையைக் கீழ மாத்திடணும். நெல்லு மேல ஏறின பிறகு பிரேக் பிடிச்சா வழுக்கும்.

நாகப்பட்டினம்:
கடலோரத்துக்காரங்க இதையும் கவனிங்க. குனிஞ்சே ஓட்டுறதால வியர்வை நேரா ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கிற துண்டு) மேலயும் ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) மேலயும் சொட்டும். ஏரோ பார்ல ரெண்டு கைக்கும் நடுவுல மாட்டுற பாட்டில்ல இருந்து குடிக்கிற உப்புத் தண்ணியும் சேரும். நல்ல தண்ணி ஊத்தி அன்னைக்கே துடைச்சிடணும். மாசம் ஒருதடவை போல்ட்டைக் கழட்டி கிரீஸ் வைங்க, மேல் பேரிங் கரகரன்னு சுத்துதான்னு பாருங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறப்ப கீழ்ப்பார் டேப்பைப் பிரிச்சுப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. அலுமினியத்துல வெள்ளைப்பொடி பூத்திருந்தா நகத்தால சுரண்டுங்க. அடியில குழி குழியா அரிச்சிருந்தா அந்தப் பாரையே மாத்தணும், இறுக்குற இடத்துல ஒருநாள் ஒடியும்.